'ஆட்சேபணை இல்லை' என்று எழுதுமுன்

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், சாப்பிட்டாய், கையைக் கழுவிக்கொண்டு வத்தளை பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அன்றிலிருந்து நான் அந்தச் சாப்பாட்டு மேசையடியிலேயே இருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். எழும்பினேன்தான். வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போனேன், மீன்காரனோடு வழக்கம்போல வாய்த்தர்க்கப்பட்டேன், உன் பெரியம்மாவோடு இருந்து செய்தி பார்த்தேன். ஆனால் நீ பிட்டைக் குழைத்துக்கொண்டு போகிறபோக்கில் சொன்னாயே, அது என்னை விட மாட்டேன் என்கிறது. நேரே சொல்லலாம் என்று இரண்டு தரம் ரெலிபோனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டாயோ" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை வேறு யார் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. உன்னைப் போல வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாசித்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

நீ சொன்னது உனக்கு மறந்துகூடப் போயிருக்கும். ஹெந்தளையில் அந்தப் பள்ளக் காணியை நிரப்பிச் சாமான் அடுக்கும் ஸ்டோர்ஸ் கட்டப் போகிற கம்பனிக்காக நீங்கள் எழுதும் சுற்றாடல் அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சுது அப்பா. மக்களின்ரை கருத்தைக் கேக்கிற கூட்டமும் வைச்சாச்சு. ஒருத்தரும் வரேல்லை. எனக்கு வேலை மிச்சம். பிரதேசவாசிகள் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை எண்டு ஒரு வரி எழுதினாச் சரி, வெள்ளிக்கிழமை அறிக்கை போயிடும்" என்றாய். வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "கேட்டு என்ன அப்பா? அம்மா போய்க் கதைச்சவதானே? எவ்வளவு வடிவாக் கதைச்சவ. கடைசியிலை என்ன நடந்தது? மண் போட்டவங்கள்தானே. இந்தக் கூட்டமெல்லாம் சும்மா ஒரு சடங்கு" என்றாய். பிறகு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாய். நான் எடுத்து வைத்தேன்.

ராசா, உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. உனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நீ சொன்னாய். தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். ஆனால் அதை ஒரே வரியில் சொன்னால் உனக்கு விளங்காது, எனக்கும் சொல்ல மனம் வராது. ஆகவே கொட்டாஞ்சேனையிலிருந்தே தொடங்குகிறேன். பொறுத்து வாசி.

எங்கள் ஒழுங்கை உனக்கு நினைவிருக்கும். முகப்பில் தையற்கடை, நடுவில் எங்கள் வீடு, கடைசியில் சிங்களவரான சோமா அக்காவின் வீடு, அதற்கப்பால் ஒருகொடவத்தைப் பக்கமாகச் சரிந்து போகிற அந்தப் பெரிய பள்ளம். மாரியில் அங்கே தண்ணீர் நிற்கும், மற்றக் காலத்தில் கங்குங் கீரை நிற்கும், விடுமுறையில் நீயும் உன் கூட்டமும் கிரிக்கெட் மட்டையோடு நிற்பீர்கள். எத்தனை பந்து அந்தச் சேற்றுக்குள் போனது என்று உனக்குத்தான் தெரியும். மழை எவ்வளவு அடித்தாலும் எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் ஓரத்துக் கான் வாய்க்காலால் ஓடி அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். அங்கே கிடந்து ஆறுதலாகக் கால்வாய்க்குப் போகும். எங்கள் வாசற்படியை ஒருநாளும் தொட்டதில்லை. அது ஒரு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கூரை ஒழுகாத வீட்டில் கூரையைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

அந்தப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பிக் கொன்டெய்னர் அடுக்கும் யார்ட் போடப் போகிறார்கள் என்ற செய்தியை முதலில் கொண்டு வந்தது சோமா அக்காதான். அறிக்கை ஒன்று பிரதேச செயலகத்தில் வைத்திருக்கிறார்களாம், விரும்பினவர்கள் போய் வாசிக்கலாமாம், பிறகு கூட்டம் வைத்து ஊர்ச் சனத்தின் அபிப்பிராயம் கேட்பார்களாம். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அதெல்லாம் பெரிய ஆட்களின் விசயம் என்றேன். நான் அப்போது துறைமுகத்தில் வாஃப் கிளார்க். காலையிலிருந்து மாலைவரை கொன்டெய்னர்களை விடுவித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. "எங்கட சோறே கொன்டெய்னரிலைதான் வருது. நீர் அதுக்கெதிராக் கதைக்கப் போறீரோ?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "சோறு வரட்டும். தண்ணி வரவேண்டாம்" என்றாள்.

அடுத்த நாளே பிரதேச செயலகத்துக்குப் போய்விட்டாள். அவள் வேலை பார்த்த புடவைக்கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் விடுவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் சாப்பிடாமல் போவாள். தமிழில் இருக்கிறதா என்று கேட்டாளாம். அங்கிருந்த கிளார்க் அலுமாரிக்கு மேலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாராம். அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தானாம். வாங்கில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தாள். சில நாட்களுக்குப் பிறகு அந்தக் கிளார்க் அவளைக் கண்டதும் தேத்தண்ணி சொல்லத் தொடங்கிவிட்டார். அறிக்கையில் எங்கள் பள்ளத்தைப் "பயன்பாடற்ற நிலம்" என்று எழுதியிருந்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. செருப்பைக் கழற்றவில்லை. "பயனில்லையாம்! எங்கட ஒழுங்கைத் தண்ணி முழுக்க அங்கைதான் போய் நிக்குது. இவைக்கு அது பயனில்லையாம். மழைக்கு இஞ்சை வந்து நிண்டு பாத்தவையோ?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் அந்த அறிக்கையை எழுதினவன் மாதிரி. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். கூட்டத்தில் தானே எழும்பிக் கதைப்பதென்று.

அந்த யுத்தக் காலத்தில் இப்படி முடிவெடுப்பது லேசான விசயம் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் வளர்ந்த பிறகுதான் உனக்கு அது தெரிந்தது. பஸ்ஸில் ஏறினால் தமிழில் கதைப்பதைத் தவிர்த்தோம். நெற்றியில் பொட்டோடு சோதனைச் சாவடியைக் கடப்பதற்கு யோசித்தோம். வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் வந்தவரைச் சாப்பிடச் சொல்லுமுன் பொலிஸில் பதியக் கூட்டிக்கொண்டு ஓடினோம். எங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் புதிதாக ஏறாமல் இருப்பதுதான் நிம்மதி என்று வாழ்ந்தோம். அப்படிப்பட்ட நேரத்தில், அதிகாரிகள் நிறைந்த ஒரு மண்டபத்தில் எழும்பி நின்று, பெயரும் விலாசமும் சொல்லிக் கதைக்கப்போகிறேன் என்று நின்றாள் அவள். அதுவும் சிங்களத்தில். தமிழில் கதைத்தால் மொழிபெயர்ப்பவர் பாதியைத்தான் சொல்லுவார், என் கோபத்தைச் சொல்லமாட்டார் என்றாள்.

அவளுடைய சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம். விலை கேட்கவும் பேரம் பேசவும் போதும், அதற்குமேல் போகாது. அதைத் திருத்தியவன் நீ. பள்ளத்தில் விளையாடிப் பழகிய சிங்களம் உனக்குத் தண்ணீர் மாதிரி வரும். அவள் தேங்காய் துருவிக்கொண்டு சொல்லச் சொல்ல, நீ குசினி வாசலில் சப்பாணி கட்டிக்கொண்டிருந்து, "அப்பிடி இல்லை அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று அதட்டுவாய். "மே வத்துர அபே கெவல்வலட்ட எனவா." இந்தத் தண்ணீர் எங்கள் வீடுகளுக்கு வரும். அதுதான் அவள் முதல் வசனம். அதைச் சொல்லும்போது கையை எங்கே வைக்கவேண்டும் என்றுகூட நீ சொல்லிக் கொடுத்தாய். எனக்குச் சிரிப்பு. "வாத்தியார் அடிக்கப்போறார், கவனம்" என்று பகிடி பண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல வீதியால் நடக்கும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவாள். ஒழுங்கைச் சனம் எல்லாருக்கும் அவள் கதைக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. தையற்காரரிலிருந்து எல்லாருமாக எட்டுப் பேர் வருவதென்று முடிவானது. சோமா அக்கா தான் முன்னுக்குப் போய்க் கதிரை பிடித்து வைப்பதாகச் சொன்னார்.

இனி நாங்கள் செய்த மடைத்தனத்தைச் சொல்கிறேன். துறைமுகத்தில் ஒரு காகிதம் குறைந்தாலும் கொன்டெய்னர் வாசலைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த என் மூளையும், எதற்கும் கையில் ஆதாரம் இருக்கட்டும் என்று வாழ்ந்த எங்கள் சனத்தின் பயமும் சேர்ந்து ஒரு பை கட்டின. அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவு, கிராம சேவகரின் கடிதம், கல்யாணச் சான்றிதழ், உன் பிறப்புச் சான்றிதழ், லைட் பில், தண்ணி பில், எல்லாம். நாங்கள் மட்டும் இல்லை, வந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் அப்படித்தான் ஒவ்வொரு பையோடு வந்தார்கள். நாங்கள் இந்த ஒழுங்கையில்தான் இருக்கிறோம், எங்களுக்குக் கதைக்க உரிமை இருக்கிறது என்று, யாராவது கேட்டால், காட்டத்தானே. கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில். பெரிய அதிகாரிகள் வருவதால் வாசலில் பொலிஸ் காவல். சோமா அக்கா ஒரு குடையோடு போனார், நேரே உள்ளே போய்விட்டார். நாங்கள் எட்டுப் பேரும் கனத்த பைகளோடு, ஒன்றாக, புதுச்சீலையும் பொட்டுமாகப் போய் நின்றோம்.

அந்த வாசலில் நின்ற பொலிஸ்காரப் பெடியன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடத்தைப் பார்த்தான். பையைத் திறக்கச் சொன்னான். பைக்குள் இவ்வளவு காகிதத்தைக் கண்டதும் அவனுக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்கு வருகிறவன் ஏன் கல்யாணச் சான்றிதழோடு வருகிறான் என்று யோசித்திருப்பான். நானும் அவனிடத்தில் இருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பேன். மேலதிகாரியைக் கேட்கவேண்டும் என்றான். "பொட்டக் இன்ன, அம்மே" என்று உன் அம்மாவுக்கு மரியாதையாகச் சொன்னான். கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்று. பொறுத்தோம். மேலதிகாரி வந்தார். ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். எங்கள் பொலிஸ் பதிவில் உன் மாமாவின் பெயர் இருந்தது, அவன் அதற்கு முந்தின மாதமே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டான். அவன் இப்போது எங்கே, ஏன் வந்தான், ஏன் போனான் என்று தொடங்கினார். தையற்காரரின் பையிலும் அப்படி ஏதோ ஒன்று. அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டேசனுக்குக் கதைத்துப் பார்க்கவேண்டும், ஒரு பக்கமாக நில்லுங்கள் என்றார்கள். எங்களைத் திட்டவில்லை, தள்ளவில்லை. வெயிலுக்குள் நிற்கிறார்கள் என்று அந்தப் பெடியன் மர நிழலைக் காட்டினான். குடிக்கத் தண்ணீரும் கொண்டு வந்து தந்தான்.

மண்டபத்தின் யன்னல்கள் திறந்திருந்தன. மைக்கில் கதைப்பது எல்லாம் எங்களுக்குக் கேட்டது. கம்பனிக்காரர் கதைத்தார், எஞ்சினியர் ஒருவர் கதைத்தார். இனி ஊர்ச் சனம் கதைக்கலாம் என்று தலைவர் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. உன் அம்மா அந்தப் பெடியனிடம் போய், தான் உள்ளே கதைக்கவேண்டும், ஐந்தே நிமிடம், கதைத்துவிட்டு இதே இடத்தில் வந்து நிற்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. நீ திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்த அதே சிங்களம். அவன் முகம் மலர்ந்து, "நல்லாச் சிங்களம் கதைக்கிறீங்களே அம்மே" என்றான். உள்ளே விட அவனுக்கு அதிகாரம் இல்லை. உள்ளே சோமா அக்கா எட்டுக் கதிரைகளில் குடையையும் கைலேஞ்சியையும் செருப்பையும்கூடக் கழற்றி வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஒழுங்கையிலிருந்து கதைக்க யாரும் இருக்கிறார்களா என்று தலைவர் கேட்டதும் எழும்பி, அவர்கள் வாசலடியில் நிற்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்றாராம். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தாராம். நேரமில்லை அம்மா, வேண்டுமென்றால் நீங்கள் கதையுங்கள் என்றாராம். சோமா அக்காவுக்கு அவ்வளவு பேருக்கு முன்னால் வாய் வரவில்லை. "அவர்கள் வரட்டும், அவர்கள் வரட்டும்" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றாராம். அந்தச் சத்தம் மட்டும் மைக் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. பிறகு கைதட்டல் கேட்டது. கூட்டம் முடிந்துவிட்டது.

எங்கள் அட்டைகளைத் திருப்பித் தரும்போது சனம் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. சோமா அக்கா எங்களைக் கண்டதும் அழத் தொடங்கினார். உன் அம்மா அழவில்லை. சோமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒழுங்கை முகப்பில், தையற்கடைப் படியில் நீ காத்துக்கொண்டிருந்தாய். எங்களைக் கண்டதும் ஓடி வந்தாய். "அம்மா, வடிவாக் கதைச்சனீங்களோ? முதல் வசனத்திலை பிழை விடேல்லைத்தானே?" என்று கேட்டாய்.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் உன் தலையைத் தடவினாள். "ஓம் ராசா, கதைச்சனான். ஒரு பிழையும் விடேல்லை. எல்லாரும் கைதட்டினவை" என்றாள்.

அவள் கதைக்கவில்லை, மகனே. ஒரு வசனம்கூட அந்த மண்டபத்தில் கதைக்கவில்லை. அவளை உள்ளே விடவில்லை.

நீ துள்ளிக் குதித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். எங்களோடு வாசலில் நின்றுவிட்டு வந்த அதே ஆட்களின் வீடுகளுக்குப் போய், "எங்கட அம்மா கூட்டத்திலை கதைச்சவ, எல்லாரும் கைதட்டினவை" என்று சொன்னாய். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. தையற்காரர் தைப்பதை நிறுத்திவிட்டு, "ஓம் தம்பி, நானும் கேட்டனான், என்ன மாதிரிக் கதைச்சவ" என்றாராம். சோமா அக்கா உன்னைக் கட்டிப்பிடித்தாராம். அந்த ஒழுங்கையில் உண்மை தெரியாத ஒரே ஆள் நீதான். நான் அன்றைக்கே அவளைக் கேட்டேன், பிள்ளைக்கு ஏன் பொய் சொன்னீர் என்று. "வேறை என்னத்தைச் சொல்ல? அவன் சொல்லித்தந்த பாசையிலை, அவன்ரை சிநேகிதப் பெடியளின்ரை பாசையிலை, எங்களை வாசலிலை மறிச்சவங்கள் எண்டு சொல்லுறதோ? நாளைக்கு அவன் அந்தப் பெடியளோடை விளையாடப் போகவேண்டாமோ? அவன் கசப்போடை வளரக்கூடாது" என்றாள். பின்னால் நீ வளர்ந்த பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதை நான் எப்படி அழிப்பது என்று இருந்துவிட்டேன். அவள் நினைத்தபடி நீ அந்தக் கசப்போடு வளரவில்லை. வேறொரு கசப்போடு வளர்ந்துவிட்டாய். கதைத்தாலும் கேட்கமாட்டார்கள் என்ற கசப்பு. அது அதைவிடப் பொல்லாதது என்று ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

மிச்சம் உனக்குத் தெரியும். சில மாதங்களில் அனுமதி கிடைத்தது. அயலவர்களிடமிருந்து குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்று அதில் இருந்ததாக அந்தத் தேத்தண்ணிக் கிளார்க்தான் அவளுக்குச் சொன்னார். லொறி லொறியாக மண் வந்தது. முதல் மழைக்குத் தண்ணீர் எங்கள் வாசற்படிவரை வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் உள்ளே வந்தது. பிறகு ஒவ்வொரு மாரிக்கும் உன் புத்தகங்களையும் அரிசி வாளியையும் மேசைக்கு மேல் ஏற்றுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. உன் அம்மா முழங்காலளவு ஊத்தைத் தண்ணிக்குள் நின்று சமைத்தாள். எனக்கு இப்பவும் தாங்கமுடியாமல் இருப்பது, அவள் அதற்குள் நின்றுகொண்டு என்னைப் பகிடி பண்ணியதுதான். "இஞ்சாருங்கோ, உங்கட கொன்டெய்னருக்கு நல்ல உயரமான இடம் கிடைச்சிட்டுது" என்பாள். அவள் காலில் ஒரு சின்னக் காயம் இருந்தது. காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிக்கும்போது சிறுநீரகம் போய்விட்டது. பொரளை ஆஸ்பத்திரி விறாந்தையில் நீயும் நானும் இருந்த அந்த நாட்களைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை கதைத்ததில்லை. நீ ஓ லெவல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். செத்த வீட்டில் நீ அழாமல் நின்று என்னைக் கேட்டாய், "அம்மா சொன்னவதானே அப்பா, பிறகேன் அவங்கள் கேக்கேல்லை?" என்று. நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். உன்னைக் கட்டிப்பிடித்ததோடு விட்டுவிட்டேன்.

நீ எஞ்சினியர் ஆனபோது, அதுவும் இந்த வேலைக்குப் போனபோது, நான் உள்ளூரச் சந்தோசப்பட்டேன். இனி எங்கேயாவது ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பயனில்லை என்று யாராவது எழுதினால், இல்லை, அங்கே ஒரு ஒழுங்கைத் தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல ஒரு ஆள் உள்ளே இருக்கிறான் என்று நினைத்தேன். இன்னொரு சந்தோசமும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். உன் கழுத்தில் தொங்கும் அந்தக் கம்பனி அட்டை. சமாதானம் என்று சொன்ன காலம் வந்து போய், இப்போது திரும்பவும் ஆட்களைக் கடத்தும் வெள்ளை வானும் சுற்றிவளைப்புமாக இருக்கிற இந்த நாட்களில், சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் உன்னை விட்டுவிடுகிறார்கள். அந்த அட்டையால்தான் எனக்கு நித்திரை வருகிறது. அந்த வரியை எழுதமாட்டேன் என்று நீ சொன்னால் அந்த அட்டை போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இதைக் கேட்கிறேன். பெற்றவன் கேட்கக்கூடிய விசயமா இது என்று என்னை நானே பல தரம் கேட்டுவிட்டேன். உனக்கு ஏதும் நடந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன். அதுவும் உண்மை. ஆனால் அந்த வரி பொய் என்பதும் உண்மை, நான் என்ன செய்ய?

எப்படிப் பொய் என்று சொல்கிறீர்கள், கிழவனுக்கு என்ன தெரியும் என்பாய். செவ்வாய்க்கிழமை நான் ஹெந்தளைக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, நீ சொன்ன அந்தப் பள்ளக் காணிக்குப் போனேன். அதன் ஓரமாக ஒரு வரிசை வீடுகள். மலைநாட்டிலிருந்து வந்து துறைமுகத்திலும் கடைகளிலும் கூலி வேலை செய்கிற சனம். தகரமும் பலகையுமான வீடுகள், ஆனால் வாசல்கள் கூட்டிப் பெருக்கிப் பளிச்சென்று இருந்தன. பைப்படியில் ஒரு பெண் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா எங்களை விட்டுப் போன வயதுதான் இருக்கும். தண்ணீர் கேட்டேன். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் தந்தாள். மழைக்கு இங்கே தண்ணீர் எங்கே போகும் பிள்ளை என்று கேட்டேன். அந்தக் காணியைக் காட்டினாள். அதை நிரப்பப் போகிறார்களே, கூட்டம் வைத்தார்களாமே, நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன்.

"போகாம இருப்போமாங்க ஐயா? எல்லாரும் குளிச்சி உடுத்திக் காலையிலயே ரெடி. யார் யார் என்ன கேக்கணும்னுகூடப் பேசி வச்சிருந்தோம். விடியக்காலம் பொலிஸ் வந்து வளைச்சிட்டாங்க. ஆம்பளைங்க எல்லாரையும் செக் பண்ணணும்னு ஸ்டேசனுக்கு ஏத்திட்டாங்க. நாங்க பொம்பளைங்க பின்னாடியே ஓடி, பொழுது சாயுற வரைக்கும் ஸ்டேசன் வாசல்லதாங்க நின்னோம். கூட்டம் இங்க நடந்து முடிஞ்சிருச்சி." ஒரு குற்றச்சாட்டாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை வந்தது, போகமுடியவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் காணியை நிரப்பவேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. நீதான் படித்தவன். அவர்கள் வந்து சொல்லி, நீங்கள் கேட்டு, அதற்குப் பிறகும் நிரப்பத்தான் வேண்டும் என்றால் நிரப்புங்கள். ஆனால் அவர்கள் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதாதே. அவர்கள் வரமுடியவில்லை என்று எழுது. இன்னொரு நாள் கூட்டம் வைக்கவேண்டும் என்று எழுது. கம்பனி அந்த வரியை வெட்டினால் வெட்டட்டும், அதை வேறு யாராவது செய்யட்டும். உன் கையால் வேண்டாம். கதைப்பதால் பயனில்லை என்று உன் அம்மாவைக் காட்டி இனி ஒருவருக்கும் சொல்லாதே. அவள் கதைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் தரவில்லை.

நீ என்ன முடிவெடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன்னோடு கதைக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் ஹெந்தளையில் கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் எழும்பி வெளிக்கிட்டபோது அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு படலைவரை வந்தாள். "ஐயா கொழும்பு ஆளு மாதிரி இருக்கீங்க. இந்தக் கூட்டத்த நடத்துன எஞ்சினியர் தம்பிய உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஆளு, தமிழ்ப் பையன்னு சொன்னாங்க. நம்ம பையன்தானே, நாங்க வரலன்னா ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டு வருவாருன்னு அன்னையிலருந்து எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அப்பா